குதிரையேறி வந்த தமிழ்க் கதாநாயகன்

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பாதையில், ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூரை நெருங்கும்போது, நக்கிள்ஸ் மலைத்தொடரின் மூடுபனியும் தேயிலைச் சரிவுகளும் நம்மை எதிர்கொள்கின்றன. மோட்டார் வாகனங்கள் பெருகுவதற்கு முன்னர், இத்தகைய மலைகளிலே குதிரை என்பது துரைமாரின் ஊர்தி. கூடை சுமந்த நம் முன்னோர் நடந்தே ஏறினர். துரை குதிரை மீதிருந்தே மேற்பார்வை செய்தார். ஆகவே, தமிழ் பேசும் ஒருவன் குதிரையேறி வந்து அநீதியைத் தட்டிக் கேட்ட திரைக் காட்சியை, வெறும் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

அக்காட்சியின் பிறப்பிடம் அமெரிக்கா. 'கௌபாய்' என்று உலகம் கொண்டாடும் வீரன், உண்மையில் ஒரு கூலித் தொழிலாளியே. டெக்ஸாஸ் மாநிலத்து மாட்டு மந்தைகளைக் கான்சாஸ் புகையிரத நிலையங்கள் வரை ஓட்டிச் சென்று, சொற்பச் சம்பளம் பெற்றவன் அவன். கறுப்பினத்தவரும் மெக்சிக்கரும் அத்தொழிலில் பெருமளவில் இருந்தனர். ஏழைத் தொழிலாளியை வீரனாக்கியது கதையும் திரையுமே.

தொலைக்காட்சியில் அவ்வுலகுக்கு முகம் கொடுத்தவர்களுள் தலையாயவர் ஜேம்ஸ் ஆர்னஸ். 1923ஆம் ஆண்டில் மினியாபோலிஸ் நகரிற் பிறந்த இவர், ஆறடி ஏழங்குல உயரமுடையவர். இரண்டாம் உலகப் போரில், இத்தாலியின் அன்சியோ களத்திலே காலில் படுகாயமுற்றார். அந்தக் காலுடனேயே, 'கன்ஸ்மோக்' தொடரில் 1955 முதல் 1975 வரை, இருபது ஆண்டுகள் மாட் டில்லன் என்னும் சட்டக் காவலராக நடித்தார். குதிரையேறும்போது வலி அவரை வாட்டியதுண்டு. பார்த்தவர்களோ கம்பீரத்தையே கண்டனர். அவர் 2011ஆம் ஆண்டு காலமானார்.

இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியதோ 1979ஆம் ஆண்டில்தான். ரூபவாஹினி 1982இல் வந்தது. அதற்கு முன்னர், குதிரை வீரனைக் காண விரும்பியவர்கள் படமாளிகையையே நாட வேண்டியிருந்தது. அந்த வீரனுக்குத் தமிழ் முகம் தந்தவர் ஜெய்சங்கர்.

1938ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் திகதி பிறந்த இவரது இயற்பெயர் சங்கர். சென்னை புதுக்கல்லூரியிற் பயின்று, சோவின் நாடகக் குழுவில் நடித்தார். இயக்குநர் ஜோசப் தளியத், 'ஜெய்' என்ற சொல்லை முன்னே சேர்த்து, 'இரவும் பகலும்' படத்தில் அறிமுகப்படுத்தினார். 1965 பொங்கலுக்கு அப்படம் வெளியானபோது, எம்.ஜி.ஆரின் 'எங்க வீட்டுப் பிள்ளை'யும் சிவாஜியின் 'பழநி'யும் போட்டிக்கு நின்றன. இரு மலைகளுக்கு நடுவே முளைத்த இளஞ்செடி வாடிவிடவில்லை. அதே ஆண்டில் 'குழந்தையும் தெய்வமும்', அடுத்த ஆண்டில் 'வல்லவன் ஒருவன்' என வெற்றிகள் தொடர்ந்தன. துப்பறியும் வேடங்கள், 'தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்' என்ற பட்டத்தைத் தேடித் தந்தன.

ஒளிப்பதிவாளராய்ப் புகழ் பெற்று இயக்குநரான கர்ணன், இவரைக் குதிரையில் ஏற்றினார். 1972இல் 'கங்கா', 'ஜக்கம்மா', 1975இல் 'எங்க பாட்டன் சொத்து' ஆகியவை தொடர்ந்து வந்தன. அகன்ற தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, பாய்ந்தோடும் குதிரை யாவும் அமெரிக்கப் பாணியே. ஆனால் பேச்சும் பாசமும் பழிதீர்க்கும் சபதமும் நம்முடையவை.

எனினும், இவருடைய பெருமை குதிரையிலோ துப்பாக்கியிலோ இல்லை. சிறு முதலீட்டுடன் வந்த தயாரிப்பாளர்கள் நம்பி அணுகக்கூடிய நாயகராக இவர் விளங்கினார். வாரந்தோறும் இவர் படம் வருகிறதோ என்னும்படி நடித்ததால், 'வெள்ளிக்கிழமை நாயகன்' என்றனர். சிலர் இதை ஏளனமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சிறு படமும் விளக்குப் பிடிப்பவர், தச்சர், ஒப்பனையாளர், சண்டைக் கலைஞர் எனப் பலர் வீட்டில் அடுப்பெரியச் செய்தது என்பதை நாம் மறக்கலாகாது.

காலம் மாறியது. 1980இல் 'முரட்டுக்காளை' படத்தில், இளைய நாயகர் ரஜினிகாந்துக்கு எதிரே வில்லன் வேடத்தை ஏற்றார். பதினைந்து ஆண்டுகள் கதாநாயகனாக நின்றவருக்கு அது எளிய முடிவன்று. குதிரையில் ஏறத் தெரிந்தவர் பலர். நேரம் வந்தபோது மனம் கோணாமல் இறங்கத் தெரிந்தவர் சிலரே. அதன் பின்னரும் அவர் உழைப்புத் தொடர்ந்தது. 2000ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் திகதி அவர் மறைந்தார்.

மாணவச் செல்வங்களே, திரையில் குதிரை ஓடும்போது கைதட்டுங்கள், அதில் தவறில்லை. ஆனால் வலிக்கும் காலுடன் இருபது ஆண்டுகள் நடித்த ஆர்னஸையும், எந்த வேடத்தையும் இழிவென எண்ணாத ஜெய்சங்கரையும் நினைவிற் கொள்ளுங்கள். மலைச்சரிவில் நடந்தே ஏறிய நம் பாட்டன் பாட்டிமாரும் அதே உழைப்பின் மரபினரே. குதிரை இல்லாததால் அவர்களின் உயரம் குறைந்துவிடவில்லை.