பழைய மோட்டாரும் புதிய கார்புரேட்டரும்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களுள் கார்புரேட்டர் அளவிற் சிறியது, தொழிலிற் பெரியது. காற்றையும் பெட்ரோலையும் தக்க அளவிற் கலந்து இயந்திரத்துக்கு ஊட்டுவது அதன் வேலை. அம்பாசடர் வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் உத்தர்பாராவில் நின்றுவிட்டது. ஆயினும் அதனைப் பேணி ஓட்டுவோர் இன்றும் உளர். பழைய கார்புரேட்டர் தேய்ந்து, அதே உறுப்புக் கிடையாதபோது, பிறர் செய்த வேறொன்றை வாங்கிப் பொருத்துகின்றனர். பொருத்திய அளவிலே வேலை முடிந்ததென எண்ணுவர் சிலர். உண்மையில் வேலை அதன்பின்னரே தொடங்குகின்றது.

கார்புரேட்டரிற் காற்றுச் செல்லும் குழாய் நடுவே குறுகியிருக்கும். குறுகிய இடத்திற் காற்று விரைந்தோடும். விரைந்தோடவே அங்கு அழுத்தம் குறையும். மிதவைக் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வெளிக்காற்று அழுத்துதலின், அது ஜெட் என்னும் சிறு துளைவழியே எழுந்து, நுண்டுளிகளாய்ச் சிதறிக் காற்றோடு கலக்கும். கலப்பற்ற பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் மிகுமாயின் புகை கருக்கும், பொருள் வீணாகும், சிலிண்டரின் சுவரிலுள்ள எண்ணெய் கழுவப்பட்டுத் தேய்மானம் வளரும். குறையுமாயின் இயந்திரம் திணறும். சூடு மிகுந்து வால்வு கருகுதலும் கூடும்.

இவ்வளவு எக்காலத்தும் ஒருபடித்தாய் நிற்பதன்று. எரிபொருள் மாறின் அளவும் மாறும். இதனை நம் மதுரை முன்னரே கண்டதுண்டு. 1912இல் இந்நகரிற் பஸ் போக்குவரத்தைத் தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப் போரிற் பெட்ரோல் அரிதானபோது, டி.வி.எஸ். எரிவாயுக் கலத்தைச் செய்வித்தார். அத்தகைய கலங்களில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, கார்பன் மோனாக்சைடு மிக்க வாயுவை உண்டாக்குவர். அவ்வாயு எரிவதற்கு அதன் கன அளவுக்கு ஏறத்தாழச் சமமான காற்றே போதும். ஆதலின் பெட்ரோலுக்கென அமைந்த கார்புரேட்டர் அதற்கு உதவாது. தனிக் கலப்புக் குழாய் வேண்டும். இழுவை குறையும்; எனினும் வண்டி நில்லாது ஓடும்.

இக்காலத்தும் எரிபொருள் மாறியுள்ளது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்து, 2025இல் நாடெங்கும் பரவிற்று. எத்தனாலின் எடையில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல் ஆக்சிஜனாகும். ஆகவே இக்கலவைக்குச் சுமார் 13.5 பங்கு காற்றே வேண்டும். கலப்பற்ற பெட்ரோலுக்கென ஜெட் வைத்த பழைய வண்டி, தன் உரிமையாளர் அறியாமலே, இன்று குறையுணவு உண்டு உழைக்கின்றது. புதிய வண்டிகளில் மின்னணுக் கருவி இதனைத் தானே திருத்திக்கொள்ளும். பழைய வண்டியில் மனிதனே திருத்த வேண்டும்.

திருத்தும் முறை வருமாறு. முதற்கண் கார்புரேட்டரைத் தொடலாகாது. பிளக், பாயிண்ட், தீப்பொறி நேரம், வால்வு இடைவெளி ஆகியவை செவ்வையாயுள்ளனவா எனப் பார்க்க. கார்புரேட்டரின் அடியிலுள்ள பேக்கிங் வழியே வெளிக்காற்றுப் புகாமையையும் உறுதி செய்க. இவற்றுள் ஒன்று பிழைப்பினும் பின்னர்ச் செய்வதெல்லாம் வீண்.

இரண்டாவதாக, மிதவைக் கிண்ணத்திற் பெட்ரோலின் மட்டத்தைச் சரிசெய்க. மட்டம் ஏறினால் எவ்விடத்தும் கலவை மிகும், இறங்கினாற் குறையும்.

மூன்றாவதாக, கலவைத் திருகை மெல்ல மூடி, ஒன்றரைச் சுற்றுத் திறந்து வைக்க. இறுக்கி மூடின் ஊசிமுனை கெடும். இயந்திரத்தை நன்கு சூடேற்றி, சோக்கை முற்றும் விலக்கி, ஐடிலிங்கில் ஓடவிட்டு, அத்திருகைச் சிறிது சிறிதாய்த் திருப்புக. ஓசை சீராகி வேகம் மிகும் இடமே தக்க இடம். பின்னர் வேகத் திருகைத் தளர்த்தி ஓட்டத்தைத் தணிக்க. சில கார்புரேட்டர்களில் இத்திருகு பெட்ரோலை அடக்கும். சிலவற்றிற் காற்றை அடக்கும். முன்னதைத் திறந்தாற் பெட்ரோல் மிகும். பின்னதைத் திறந்தாற் குறையும். கையிலுள்ளது எவ்வகை என்பதை முன்னரே அறிந்துகொள்க.

நான்காவது பெரிய ஜெட். சோலக்ஸ் வகையில் ஜெட்டின்மேற் பொறித்த எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூற்றிலொரு கூறாகக் குறிக்கும். 120 எனின் 1.20 மில்லிமீட்டர். 120க்குப் பதிலாக 125 இடின், விட்டம் நூற்றுக்கு நான்கே மிகும். துளையின் பரப்போ நூற்றுக்கு எட்டரை மிகும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வேண்டுவதும் ஏறக்குறைய அவ்வளவே. ஆயினும் கணக்கை மட்டும் நம்பலாகாது. சமநிலச் சாலையிற் சிறிது தொலை ஓட்டி, தக்க இடத்தில் நிறுத்தி, சூடு ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. இளம்பழுப்பாயின் அளவு நன்று. வெளுத்திருப்பின் பெட்ரோல் குறைவு. கரி படிந்திருப்பின் மிகுதி.

இடமும் கருதற்பாலது. மதுரைச் சமவெளிக்கெனத் திருத்திய வண்டி கொடைக்கானல் ஏறினால், அங்குக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைதலின், பெட்ரோல் மிகுந்து திணறும். அதனைப் பழுதென்று கருதி மலைமேல் திருகைத் திருப்புவோர், கீழிறங்கியதும் மீண்டும் திருத்த நேரிடும்.

சிம்மக்கல் நெரிசலில் வண்டி அடிக்கடி அணைந்தால், இயந்திரத்தின் ஆயுள் தீர்ந்ததென எண்ணி, அதனைப் பழைய இரும்புக்கு விற்க முற்படுவது எளிது. அதற்குமுன் ஒரு முற்பகல் செலவிட்டு இந்நான்கையும் முறையே பார்ப்பாராக. சில ரூபாய் பெறும் ஒரு ஜெட்டின் குறைக்காக, தந்தை காலத்து வண்டியொன்றை இழக்க வேண்டுவதில்லை.