பூந்தமல்லி விடுதியும் வளர்ச்சிக் கணக்கும்

2021 டிசம்பரில் பூந்தமல்லியை அடுத்த ஒரு விடுதியில் சாப்பிட்ட பெண் தொழிலாளர்கள் 250-க்கும் மேற்பட்டோர் வாந்தி, வயிற்றுப்போக்கால் துவண்டார்கள். 159 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாரிப்பவர்கள் இவர்கள். தோழிகளின் நிலை தெரியாத பதற்றத்தில் மற்ற பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆலை மீண்டும் திறந்தது 2022 ஜனவரி 12-ல்.

நம் பொருளாதாரம் யாருக்காக நடக்கிறது என்று கேட்பவர்கள் இந்த விடுதியிலிருந்து தொடங்கலாம். போன் தயாரிக்கிற கை இரவில் எங்கே படுக்கும், எதைச் சாப்பிடும் என்ற செலவை யாரும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளவில்லை. போனை விற்பவர் ஆலையைக் காட்டினார். ஆலை ஆள் எடுக்கும் ஒப்பந்தக்காரரைக் காட்டியது. அவர் விடுதி நடத்துபவரைக் காட்டினார். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் மிச்சம் பிடித்ததன் சுமை கடைசியில் அந்தப் பெண்களின் உடம்பில் இறங்கியது. நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் இதற்கு இடமே இல்லை. கெட்ட சாப்பாட்டுக்குக் கொடுத்த பணமும் அதில் வரவுதான், அதனால் வந்த மருத்துவச் செலவும் வரவுதான். இந்தக் கணக்கை உருவாக்கியவர்களில் முதன்மையான சைமன் குஸ்நெட்ஸே 1934-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தந்த அறிக்கையில், தேசிய வருமானத்தை வைத்து மக்களின் நலத்தை அளந்துவிட முடியாது என்று எச்சரித்திருந்தார். வருமானம் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதும் அதில் தெரியாது: இந்தியாவின் பதிவு பெற்ற ஆலைகளில் நிகர மதிப்புக்கூட்டலில் தொழிலாளர் கூலியின் பங்கு 1980-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 சதவீதம்; 2007–08 வாக்கில் அது சுமார் 10 சதவீதமாக இறங்கியது. ஆலைகள் பெருகின, உற்பத்தி பெருகியது, பங்கு மட்டும் சுருங்கியது.

இந்த ஆலைகள் வராதிருந்தால் அந்தப் பெண்களுக்குச் சம்பளமே இருந்திருக்காதே என்பார்கள். உண்மைதான். நாட்டின் ஆலைப் பெண் தொழிலாளர்களில் பத்தில் நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்; ஊரை விட்டு வந்து சொந்தமாகச் சம்பாதிப்பது அவர்களுக்குச் சாதாரண விஷயம் அல்ல. உரிமை கேட்டால் முதலீடு வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். ஆனால் அதை நிறுத்தியது தொழிலாளர் கேட்ட கூலியல்ல. வரி வழக்கில் சிக்கியதால், நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலை அதில் சேரவில்லை; பிறகு ஆர்டர் நின்றது. நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்த பிறகு ஃபாக்ஸ்கானும் ஓடிவிடவில்லை. இங்கே இன்னும் பெரிதாக வளர்ந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அதன் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் அதை 706 கோடி ரூபாயில் கட்டியது.

அந்தக் குடியிருப்பை மனதார வரவேற்கிறேன். ஆனாலும் அங்கே படுக்கை வேலையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வேலை போனால் தங்குமிடமும் போகும் என்ற நிலையில் எந்தப் பெண் மேற்பார்வையாளரை எதிர்த்துப் பேசுவாள்? அருகிலேயே சாம்சங் தொழிலாளர்கள் 2024-ல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தும், சங்கத்தைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஆலைக்கு நிலமும் சலுகையும் தரும் ஒப்பந்தத்திலேயே தங்குமிடம், உணவு, சங்க உரிமை மூன்றும் நிபந்தனையாக இடம்பெற வேண்டும். ஒப்பந்தக்காரர் தவறினால் ஆலையும் பதில் சொல்ல வேண்டும்.