முதல் பி.சி.டி.: எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே கூடாது

புதுச்சேரியிலோ அந்தமானின் ஹேவ்லாக்கிலோ ஸ்கூபா பயிற்சி முடித்து, ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அடுத்து வரும் ஆசை சொந்தமாக ஒரு பி.சி.டி. காற்றை ஏற்றியும் இறக்கியும் தண்ணீருக்குள் நம் மிதப்பைச் சரிசெய்துகொள்ள உதவும் அந்த ஜாக்கெட், பெயர்பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பு என்றால் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். அதனால்தான் ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதையும், யாரோ பயன்படுத்திவிட்டு விற்பதையும் தேடுகிறோம். தேடுவதில் தவறே இல்லை. விலை குறைந்த பி.சி.டி. நல்லதாகவும் இருக்க முடியும். பைகள், நிறம், கூடுதல் வளையங்கள், முதுகு மெத்தை இவற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம். காற்றை உள்ளே விடும் இன்ஃபிளேட்டரிலும் வெளியே விடும் வால்வுகளிலும் மட்டும் கூடாது.

அதற்குக் காரணம் இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல் இரு மடங்கு. அங்கே ஜாக்கெட்டுக்குள் இருக்கும் நான்கு லிட்டர் காற்று மேலே வந்து சேரும்போது எட்டு லிட்டராகிவிடும். இன்ஃபிளேட்டரின் பொத்தான் உப்பும் மணலும் ஏறி அமுங்கியபடி சிக்கிக்கொண்டால், சிலிண்டரிலிருந்து காற்று நிற்காமல் ஜாக்கெட்டுக்குள் பாயும். உங்களைக் கேட்காமலே மேலே தூக்கும். மேலே போகப் போக வேகம் கூடும். பதற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டால் நுரையீரலில் இருக்கும் காற்றும் அதேபோல விரியும். ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தாலே நுரையீரல் கிழிய அது போதும். காற்றுக் குமிழி ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் பக்கவாதம், மரணம் வரை கொண்டுபோகும். பொத்தான் சிக்கினால் உடனே செய்ய வேண்டியது பயிற்சியில் சொல்லித்தந்ததுதான்: இன்ஃபிளேட்டர் குழாயை உடனே கழற்றுவது, வால்வைத் திறந்து காற்றை விடுவது, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருப்பது. புது ஜாக்கெட் வந்ததும் அந்தக் குழாயை ஒரே கையால், கண்ணால் பார்க்காமல் கழற்ற முடிகிறதா என்று கரையிலேயே பழகிப் பாருங்கள். சில மலிவு இணைப்புகள் ஈரக் கைக்கு வழுக்கும்.

கடைக்காரர்கள் அதிகம் பேசுவது தூக்குதிறன் பற்றித்தான். கூடுதலாக இருந்தால் பாதுகாப்பு என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் கடல்களில் பெரும்பாலும் பயன்படும் பதினோரு லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்றின் எடை சுமார் இரண்டரை கிலோ. டைவ் தொடங்கும்போது நீங்கள் சுமக்கும் உபரி எடை அதுதான். மூன்று மில்லிமீட்டர் வெட்சூட் ஆழத்தில் நசுங்கி இழக்கும் மிதப்பையும் சேர்த்தால்கூட, வெதுவெதுப்பான நம் நீரில் பத்துப் பன்னிரண்டு கிலோ தூக்குதிறன் தாராளம். இருபது கிலோவுக்கு மேல் தூக்கும் ஜாக்கெட் குளிர்நாடுகளில் தடித்த உடை போடுபவர்களுக்குத்தான் வேண்டும். நமக்கு அது வீண் செலவு, தண்ணீரில் வீண் இழுவையும்கூட. அளவுக்கு மீறி ஈயக்கட்டிகளைக் கட்டிக்கொண்டு, அதைச் சமாளிக்கப் பெரிய ஜாக்கெட் தேடுவது புதியவர்களிடம் நான் அடிக்கடி பார்க்கும் பழக்கம். முதலில் எடையைக் குறையுங்கள்.

இன்னொன்று முக்கியம். பி.சி.டி. உயிர்காப்பு ஜாக்கெட் அல்ல. நினைவிழந்த ஒருவரின் முகத்தைத் தண்ணீருக்கு மேலே திருப்பி வைக்கும் என்ற உறுதி அதற்குக் கிடையாது. படகில் போகும்போது லைஃப் ஜாக்கெட்டுக்குப் பதிலாக இதைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள். விற்பவரே ‘லைஃப் ஜாக்கெட்’ என்று விளம்பரம் செய்தால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் அதுவே சாட்சி.

பொருளில் என்ன பார்ப்பது? ஐரோப்பாவில் இந்த ஜாக்கெட்டுகளுக்கான தரநிலை ‘ஈ.என். 1809’. உள்பக்க லேபிளில் அந்த எண்ணும், தூக்குதிறனும், அளவும், தயாரிப்பாளர் பெயரும் இருக்க வேண்டும். வெறும் ‘சி.இ.’ என்ற இரண்டு எழுத்தை மட்டும் நம்பாதீர்கள், யாரும் அச்சடித்துவிடலாம். இன்ஃபிளேட்டருக்கும் வால்வுகளுக்கும் உதிரிபாகம் இந்தியாவில் கிடைக்குமா, ஆண்டுக்கொருமுறை சர்வீஸ் செய்ய ஆள் உண்டா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கிடைக்காது என்றால் அது மலிவுப் பொருள் அல்ல, ஓர் ஆண்டு வாடகை. மாற்று ரெகுலேட்டரும் இன்ஃபிளேட்டரும் ஒன்றாக இணைந்த மாடல்களுக்குத் தனி இணைப்புக் குழாய் வேண்டியிருக்கும். உங்களிடம் இருக்கும் குழாய் அதில் பொருந்தாது, அந்தச் செலவு விலையில் தெரியாது.

பழையது வாங்குவதானால் நேரில் போங்கள். வாயால் ஊதியோ சிலிண்டர் கொண்டோ, அழுத்த வால்வு தானாகத் திறந்து காற்று விடும்வரை நிரப்புங்கள். விட்டபின் அது தானாக மூட வேண்டும். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதுபோல இன்ஃபிளேட்டரையும் ஒவ்வொரு வால்வையும் வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். பொத்தானைப் பலமுறை அமுக்கி விடுங்கள். கரகரவென்று மணல் உரசினாலோ, மெதுவாக எழும்பினாலோ வேண்டாம். இன்ஃபிளேட்டரை ஜாக்கெட்டோடு இணைக்கும் நெளிகுழாயின் மடிப்புகளை விரித்தால், வெடிப்பு இருந்தால் தெரியும். குலுக்கினால் உள்ளே உப்புப் பரல் சலசலக்கிறதா? முந்தையவர் நன்னீரில் கழுவவே இல்லை என்று பொருள். காற்று நிரம்பிய ஜாக்கெட்டை ஓர் இரவு அப்படியே வைத்துவிட்டு வர விற்பவர் சம்மதித்தால், மறுநாள் அது தளர்ந்திருக்கிறதா என்பதே பாதி முடிவைச் சொல்லிவிடும். பிறகு போட்டு, முழுக்கக் காற்றடைத்துப் பாருங்கள். விலா எலும்பு நசுங்கக் கூடாது, தோள் காதுக்கு ஏறக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை அந்தமான் போய் நான்கைந்து டைவ் செய்பவருக்கு என் கருத்து வேறு: வாங்கவே வேண்டாம். முகக்கவசம், துடுப்புக்காலணி, டைவ் கம்ப்யூட்டர் வாங்குங்கள். ஜாக்கெட்டை வாடகைக்கு எடுங்கள், எடுக்கும்போது மேலே சொன்ன சோதனைகளைச் செய்யுங்கள். வாடகை கொடுக்கும் நீங்களும் சட்டப்படி நுகர்வோர்தான். பொறுப்பு விலக்குப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று, கோளாறான கருவி கொடுத்த நிலையத்தின்மீது புகார் செய்யாமல் இருந்துவிடாதீர்கள்.

வாங்கும்போது பில் கேளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற வாசகம் குறைபாடுள்ள பொருளுக்குச் செல்லாது. இறக்குமதிப் பொருளின் அட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரான நாடு ஆகியவை இருக்க வேண்டும். ஆன்லைன் தளங்கள் 2020 விதிகளின்படி உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

தயாரிப்பாளர் வெளிநாட்டில், யாரைப் பிடிப்பது என்று தயங்க வேண்டியதில்லை. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாதபோதும், இந்தியச் சட்டத்துக்கு அவர் கட்டுப்படாதபோதும், கோளாறான பொருளால் வந்த காயத்துக்கு விற்றவரையே பொறுப்பாக்க அதே சட்டம் வழிவிடுகிறது. வெளிநாட்டுத் தளத்திலிருந்து நேரடியாக வரவழைத்தாலோ, தனிநபரிடம் பழையது வாங்கினாலோ இந்தக் கவசம் பெரும்பாலும் கைகொடுக்காது. விலை வித்தியாசத்தைக் கணக்கிடும்போது இதையும் எடைபோடுங்கள்.

பிரச்சினை வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் முடியும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு.

தண்ணீருக்குள் கோளாறு நடந்திருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதன்பின் இன்ஃபிளேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் ஆசையை அடக்குங்கள். நீங்களே பிரித்து மாற்றியிருந்தால் அதைக் காட்டியே எதிர்த்தரப்பு தப்பிக்கப் பார்க்கும். குறைபாட்டை உறுதிசெய்ய ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பவும் முடியும். சிக்கிய பொத்தானை இருந்தபடியே படம் எடுத்து, ஜாக்கெட்டைத் தனிப் பையில் வைத்து, டைவ் கம்ப்யூட்டரில் பதிவான ஆழமும் ஏறிய வேகமும் அழியும் முன் நகலெடுத்து, கூட வந்தவர்களிடம் நடந்ததை எழுதி வாங்கிவிடுங்கள்.