ஒயின் தேர்வும் வாழைப்பூ துவர்ப்பும்

சிவகாசியில இருந்துக்கிட்டு ஒயின் பத்திப் படிக்க முடியுமா? பாதிப் பாடம் ஏற்கெனவே உங்க நாக்குல இருக்கு.

லண்டனில் 1969-ல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.டி. அமைப்பு நாலு படியா சான்றிதழ் தருது. முதல் படியில 30 கேள்வி, சரியான விடையை டிக் அடிச்சா போதும். மூணாவது படியிலதான் சிக்கல்: என்ன ஒயின்னு தெரியாமலே ரெண்டு ஒயினை ருசிச்சு, அதுல இருக்கிறதை எழுதணும்.

சிவப்பு ஒயின்ல டானின்னு ஒண்ணு உண்டு. திராட்சைத் தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும் வர்றது. வாயை உலர்த்தி இழுத்துப் பிடிக்கும். பச்சை வாழைப்பூவை மென்னு பாருங்க, அதேதான். அறுசுவையில துவர்ப்புன்னு நாம தனியாவே பேர் வச்சிருக்கோம். புளிப்பை அளக்கணுமா? துப்பின பிறகு எச்சில் எவ்வளவு ஊறுதுன்னு கவனிங்க.

வாசனைக்குப் பக்கத்து மாவட்டம் தேனி இருக்கு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கின கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் ரகம். பெரும்பாலான ஒயின்ல திராட்சை வாசமே வராது. மஸ்கட் குடும்பம் விதிவிலக்கு.

லேபிள் படிக்கிறதும் பாடம்தான்: எந்த ரகம், எங்க விளைஞ்சது, எந்த வருஷ அறுவடை. லேபிள் அச்சடிக்கிற ஊருக்கு இதைச் சொல்லணுமா!

உச்சியில இருக்கிறது மாஸ்டர் ஆஃப் ஒயின். 1953-ல் நடந்த முதல் தேர்வில் 21 பேர் எழுதி 6 பேர்தான் தேறினாங்க. இந்தியாவிலிருந்து அதை முதல்ல வாங்கினவர் சோனல் ஹாலண்ட், 2016-ல்.

சான்றிதழ் வாங்கினா வேலை நிச்சயம்னு நினைக்காதீங்க. ஹோட்டல், இறக்குமதித் துறைக்குப் போறவங்களுக்கு அது கைகொடுக்கும். வெறும் ஆர்வம்னா முதல் ரெண்டு படி போதும். வகுப்புல ருசிச்சுட்டுத் துப்பிடணும். தமிழ்நாட்டில் 21 வயசு ஆகலைன்னா காத்திருங்க. அதுவரை வாழைப்பூவிலேயே பழகலாம்.