செல்லின் மூச்சை நிறத்தில் படிப்பது

நாம் இழுக்கும் மூச்சு நுரையீரலோடு முடிவதில்லை. ஆக்சிஜன் ரத்தத்தோடு ஒவ்வொரு செல்லுக்கும் போய், மைட்டோகாண்ட்ரியாவில் தண்ணீராகிறது. உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் புரதத்திலிருந்து புரதத்துக்குக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனைச் சேர்கின்றன. அவற்றை வாங்கிக் கொடுக்கும் வேலையில் பெரும்பங்கு, புரதங்களுக்குள் பொதிந்துள்ள இரும்புக்கும் தாமிரத்துக்கும் உரியது.

இதை எப்படிப் பார்ப்பது? இரும்பு ஒரு எலக்ட்ரானை வாங்கினால் அது விழுங்கும் ஒளி மாறிவிடும். சைட்டோகுரோம் சி என்ற புரதம் எலக்ட்ரானோடு இருக்கும்போது 550 நானோமீட்டர் ஒளியைப் பளிச்சென்று விழுங்கும். கொடுத்துவிட்டால் அந்தக் கூர்மையான பட்டை மறைந்துவிடும்.

1880-களிலேயே மேக்மன் என்ற மருத்துவர் தசைகளில் இந்தப் பட்டைகளைக் கண்டு எழுதினார். அது சிதைந்த ஹீமோகுளோபின்தான் என்று அன்றைய பெரிய வேதியியலாளர் ஹோப்பே-சைலர் தள்ளிவிட்டார். பெரியவர் சொல்லுக்கு இருந்த மதிப்பில் விஷயம் நாற்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்தது.

1925-இல் கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின் அதை மீட்டெடுத்தார். குதிரையின் வயிற்றில் வளரும் ஒருவகை ஈயை ஆராய்ந்துகொண்டிருந்தவர், வளர்ந்த ஈயின் தசையில் நான்கு கரும்பட்டைகளைக் கண்டார். ஈஸ்ட் கரைசலிலும் அவையே தெரிந்தன. குழாயைக் காற்றுப்பட நன்றாகக் குலுக்கினால் பட்டைகள் மறைந்தன. சும்மா வைத்தால், உள்ளிருந்த ஆக்சிஜனை ஈஸ்ட் தின்று தீர்த்ததும் திரும்பி வந்தன. சயனைடு சேர்த்தபின் எவ்வளவு குலுக்கியும் அவை மறையவில்லை. எலக்ட்ரான்கள் கடைசிப் புரதத்தில் வழி அடைபட்டு, முன்னால் உள்ளவற்றிலேயே தேங்கிவிட்டன என்பதுதான் இதன் பொருள். சயனைடு ஏன் அவ்வளவு விரைவாகக் கொல்கிறது என்பதற்கான பதிலும் இதில் இருக்கிறது. செல்லை உடைக்காமல், உயிரோடு வைத்தே இதைக் கண்டது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி எல்லா உலோகத்தையும் காட்டாது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த கொத்துகளின் மங்கிய நிறத்தை சைட்டோகுரோம்களில் இரும்பைத் தாங்கி நிற்கும் ஹீம் என்ற பகுதியின் அடர்ந்த நிறம் மறைத்துவிடும். அங்கே வேறு வழி: மாதிரியைக் கடுங்குளிரில் உறையவைத்து, காந்தப்புலத்தில் நிறுத்தி, மைக்ரோ அலையைச் செலுத்துவது. ஜோடியில்லாத எலக்ட்ரான் மட்டும் பதில் சொல்லும். 1960 வாக்கில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹெல்முட் பைனெர்ட் குழு இப்படிக் கண்ட புதிரான சமிக்ஞைதான் இந்தக் கொத்துகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பாலூட்டிகளின் சுவாசச் சங்கிலியில் முதல் புரதத் தொகுதியில் மட்டும் இவை எட்டு.

இதற்கும் எல்லை உண்டு. சங்கிலியின் கடைசிப் புரதத்தில் ஆக்சிஜன் வந்து ஒட்டும் இடத்தில் ஒரு ஹீம் இரும்பும் ஒரு தாமிரமும் நெருங்கி நின்று, ஓய்வு நிலையில் ஒன்றன் சமிக்ஞையை மற்றது அமுக்கிவிடுகின்றன. 1995-இல் படிக ஆய்வு அந்த இடத்தின் அமைப்பைக் காட்டியது; ஆனால் அது அசையாத படம். வினை நடக்கும்போது இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு மாறுவதை, லேசர் ஒளி சிதறும் விதத்திலிருந்து அதிர்வுகளை அளக்கும் ராமன் முறை காட்டுகிறது.

அதே கடைசிப் புரதத்தின் இன்னொரு தாமிர மையம் 830 நானோமீட்டர் அருகே அகச்சிவப்பை விழுங்கும். அந்த ஒளி மண்டையோட்டையும் ஓரளவு ஊடுருவும் என்பதால், 1977-இல் யோப்சிஸ் உயிருள்ள மூளையில் ஆக்சிஜன் போதுமா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம் எனக் காட்டினார். சிக்கல் என்னவென்றால், ரத்தத்தின் ஹீமோகுளோபினும் அதே பகுதியில் ஒளியை விழுங்கும், அதுவும் பல மடங்கு. மேக்மன் காலத்துச் சண்டை வேறு வடிவில் இன்னும் நடக்கிறது.