கோமாளி மீனில் வெள்ளைப்புள்ளி... கல் உப்பு கைகொடுக்காது!

நன்னீர் வண்ணமீன் வளர்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. மீன் சோர்ந்து நின்றாலோ, உடம்பில் வெள்ளைப்புள்ளி தெரிந்தாலோ, ஒரு கைப்பிடி கல் உப்பைத் தொட்டியில் போடுவார்கள். கோல்டு ஃபிஷ், மோலி போன்ற மீன்களுக்குப் பல நேரம் அது கைகொடுக்கும். அதே பழக்கத்தோடு கடல் வண்ணமீன் வளர்ப்பில் இறங்குபவர்கள் முதல் நோயிலேயே தடுமாறிப் போகிறார்கள். கடல்மீனைப் பிடிக்கும் ஒட்டுண்ணிக்கு உப்புநீர்தான் வீடு. அங்கே இன்னும் உப்பைப் போட்டு என்ன பயன்?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியிருக்கிறது. கடலில் பிடிக்காமல், வீட்டுக் கொட்டகையிலேயே குஞ்சுகளை வளர்த்து விற்க இது வழி செய்கிறது. நல்ல ஜோடி ஒன்று மாதத்துக்கு இரண்டு முறைகூட முட்டையிடும். ஒவ்வொரு முறையும் சில நூறு முட்டைகள்.

ஆனால், அந்த ஜோடி அமைவதுதான் கஷ்டம். கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆணாகத்தான் வளரும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். பெண் மீன் செத்துவிட்டால், மிஞ்சிய ஆண் பெண்ணாக மாறி, புதுத் துணையோடு சேர்ந்து முட்டையிடப் பல மாதங்கள் ஆகலாம். ஆகவே, தொட்டிக்குள் ஒட்டுண்ணி வந்தால் போவது சில மீன்கள் மட்டுமல்ல, அந்த வருடத்து வருமானமும்தான்.

டார்ச் அடித்துப் பாருங்கள்

மருந்தைத் தேடுவதற்கு முன்பு, வந்திருப்பது எது என்று தெரிய வேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, தொட்டியின் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

துடுப்பிலும் உடம்பிலும் ரவை ஒட்டியதுபோல் தனித்தனியாகப் புள்ளிகள் தெரிந்தால் அது வெள்ளைப்புள்ளி நோய். கிரிப்டோகேரியான் என்ற ஒற்றைச் செல் உயிரி இதற்குக் காரணம். ரவை அளவு இல்லாமல், மாவைத் தூவியதுபோல் மெல்லிய தூசிப் படலம் தெரிந்து, மீன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய். இதை உண்டாக்குவது அமைலூடினியம். முதலில் செவுளைத்தான் பிடிக்கும் என்பதால், உடம்பில் எதுவும் தெரிவதற்கு முன்பே மீன் செத்து மிதக்கும். கோமாளி மீனின் தோலில் சளி திட்டுத் திட்டாகத் தடித்து உரிந்தால் புரூக்லினெல்லா. இது கடலில் பிடித்து வந்த மீன்களில் அதிகம். கண் மங்கி, மீன் தொட்டியின் சுவரில் உரசிக்கொண்டே இருந்தால் தட்டைப்புழுவாக இருக்கலாம்.

வெல்வெட்டும் புரூக்லினெல்லாவும் அவசர நோய்கள். சில நாட்களிலேயே தொட்டியைக் காலி செய்துவிடும். வெள்ளைப்புள்ளி கொஞ்சம் அவகாசம் தரும். அதனால்தான் பலரும் அதில் ஏமாறுகிறார்கள்.

புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் 3 முதல் 7 நாட்கள் வரை தின்று கொழுக்கும். பிறகு, பெரும்பாலும் இருட்டு நேரத்தில், மீனை விட்டுக் கீழே விழும். தொட்டியின் அடியில் ஒட்டி, தன்னைச் சுற்றி ஓர் உறையைக் கட்டிக்கொண்டு உள்ளேயே பெருகும். 3 நாட்களில் இருந்து 4 வாரங்களுக்குள் உறை வெடித்து, நூற்றுக்கணக்கான புதிய உயிரிகள் நீந்தி வெளியே வரும். ஒன்றிரண்டு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ புள்ளிகள் உதிர்ந்ததும், போட்ட மருந்து வேலை செய்துவிட்டது என்று வளர்ப்பவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அது அடுத்த படையெடுப்புக்கான தயாரிப்பு. இரண்டாவது சுற்றில் புள்ளிகள் பத்து மடங்காக வரும். மீனின் தோலுக்குள் இருக்கும்போதும், உறைக்குள் இருக்கும்போதும் எந்த மருந்தும் அதை அவ்வளவாக எட்டாது. நீந்தி வரும் அந்தச் சில மணி நேரத்தில்தான் அடிக்க முடியும்.

செலவில்லாத வழி: தொட்டி மாற்றுவது

சிறிய அளவில் வளர்ப்பவர்களுக்கு இருப்பதிலேயே நல்ல வழி இதுதான். மருந்து தேவையில்லை. இரண்டு பிளாஸ்டிக் டப்புகள், இரண்டு ஏர் பம்ப் கற்கள், மீன் ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகள் இருந்தால் போதும்.

நோய் கண்ட மீன்களை முதல் நாள் முதல் டப்புக்கு மாற்றவும். 4-ம் நாள் காலையில் புதிய கடல்நீர் நிரப்பிய இரண்டாவது டப்புக்கு மாற்றவும். பிறகு 7-ம் நாள், 10-ம் நாள், 13-ம் நாள் என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். 13-ம் நாள் மீன் போகும் இடம் நோயில்லாத சுத்தமான தொட்டியாக இருக்க வேண்டும். உதிர்ந்த ஒட்டுண்ணி உறை கட்டி வெடிக்கக் குறைந்தது 3 நாட்களாவது ஆகும். அதற்குள் மீன் அடுத்த டப்புக்குப் போய்விடுவதால், வெடித்து வருபவற்றுக்கு இரை கிடைக்காது. காலியான டப்பு, கல், குழாய், வலை எல்லாவற்றையும் நன்னீரில் கழுவி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்த பிறகே மறுபடி பயன்படுத்த வேண்டும். பழைய தண்ணீரில் ஒரு குவளைகூடப் புது டப்புக்குப் போகக் கூடாது. வேலை அதிகமான நாளில் 'நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்று ஒரு நாள் தள்ளினால், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

உப்பைக் குறைப்பது இன்னொரு வழி. 35 பி.பி.டி. உப்புத்தன்மையை இரண்டு நாட்களில் படிப்படியாக 15-16 பி.பி.டி.க்குக் கொண்டுவந்து, 4 வாரங்கள் அப்படியே வைத்திருக்க வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாமல் நாக்கில் வைத்துப் பார்த்துச் செய்கிற வேலை அல்ல இது. திரும்ப ஏற்றும்போது ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு இறங்குவதைத் தாங்கும் மீன், சட்டென்று ஏறுவதைத் தாங்காது. குறைந்த உப்பைத் தாங்கும் வெள்ளைப்புள்ளி வகைகளும் உண்டு. வெல்வெட் நோய்க்கு இந்த வழி சுத்தமாக உதவாது.

மயில்துத்தம்: கணக்குத் தப்பினால் ஆபத்து

போர்டோ கலவை தெளித்தவர்களுக்கு மயில்துத்தம் புதிதல்ல. வெல்வெட், வெள்ளைப்புள்ளி இரண்டையும் கட்டுப்படுத்துவது அதிலுள்ள செம்புதான். தண்ணீரில் செம்பு லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் இருக்க வேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது. கூடினால் மீன் செத்துவிடும். பயிருக்கு வாங்கிய துத்தம் வேண்டாம். ஆய்வகத் தரத்தில் வாங்கி, 1 கிராமை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வைத்துக்கொள்ளலாம். 100 லிட்டர் தொட்டிக்கு இந்தக் கரைசல் 80 மில்லி போதும். அதையும் இரண்டு நாட்களில் பிரித்து ஊற்ற வேண்டும். கடல்நீரில் செம்பு படிந்து குறைந்துகொண்டே போகும். எனவே, சோதனைக் கிட் வைத்துத் தினமும் அளந்து, குறைந்ததை மட்டும் சேர்த்து 3 வாரங்கள் தொடர வேண்டும்.

மணலோ, சிப்பியோ, பவளத் துண்டோ உள்ள தொட்டியில் செம்பு நிற்காது, அவை இழுத்துக்கொள்ளும். (கடலிலிருந்து பவளத்தை எடுப்பதே வனஉயிரினச் சட்டப்படி குற்றம் என்பது வேறு விஷயம்.) கடல் தாமரை, இறால் இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டுக்கூட விடக் கூடாது.

தட்டைப்புழுவுக்கு நன்னீர்க் குளியல் நல்ல பலன் தரும். தொட்டி நீரின் வெப்பநிலையும் பி.எச். அளவும் உள்ள நன்னீரில், காற்று விட்டபடி 3 முதல் 5 நிமிடங்கள் மீனை வைத்தால், புழுக்கள் வெளுத்து உதிர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மீன் சாய்ந்துவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள். தொட்டியில் தங்கிய முட்டைகள் மறுபடி பொரிக்கும் என்பதால் ஒரு குளியலோடு முடியாது. புரூக்லினெல்லாவுக்கு ஃபார்மலின் தேவைப்படும். அது மனிதர்களுக்கும் கெடுதலான மருந்து. மண்டபம் மையத்திலோ, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ கேட்டுவிட்டு மட்டுமே தொடுங்கள்.

தேறும் நாட்களில்

சிகிச்சையில் தப்பிய மீன்கள் பல, அமோனியாவால் சாகின்றன. டப்பில் வடிகட்டி இல்லாததால் கழிவு உடனே விஷமாகும். மிஞ்சிய தீனியை அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். பொடியாக நறுக்கிய இறால், ஆர்டீமியா, மீன் முட்டை ஆகியவற்றை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். தீனியில் பூண்டுச்சாறு கலப்பவர்கள் உண்டு. பசியைத் தூண்டலாம், அதை மருந்தாக நம்பி நாட்களைக் கடத்த வேண்டாம். வெளிச்சத்தைக் குறைத்து, அமைதியாக விட்டுவிடுவது பூண்டைவிட மேல். வெள்ளைப்புள்ளியிலிருந்து மீண்ட மீனுக்குச் சில மாதங்கள் ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் இருக்கும்.

நோய் வந்த தொட்டி வெறும் தொட்டியாக இருந்தால் கழுவிக் காயவைத்தால் போதும். கடல் தாமரை இருந்தால் காயவைக்க முடியாது. இரண்டரை மாதங்கள் மீன் இல்லாமல் விட வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை வையுங்கள். ஏர் பம்ப் குமிழியில் தெறிக்கும் திவலை வழியாகக்கூட வெல்வெட் அடுத்த தொட்டிக்குத் தாவும் என்பதால், மேலே மூடியும் போடுங்கள். புதிதாக வாங்கிய மீனை, எவ்வளவு அழகாக இருந்தாலும், 4 வாரங்கள் தனியாக வைத்துப் பார்த்த பிறகே ஜோடிகள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

செம்பு கலந்த உப்புநீரைத் தென்னை மூட்டிலோ, குளத்திலோ, இறால் பண்ணை வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. குடிநீர்க் கிணற்றுக்கு வெகுதூரம் தள்ளி, அதற்கென்று ஒரு குழி வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.