சைக்கிள் பூதமாவது எப்படி?

இன்டர்நெட்டில் ஒரு போட்டோவைப் பார்க்கிறோம். அதில் இருப்பதெல்லாம் நாம் தினமும் காணும் பொருள்கள்தான். ஆனாலும் ஏதோ விசித்திரமாக, சற்றே பயமுறுத்துவதாக இருக்கிறது. உடனே "கம்ப்யூட்டரில் ஒட்டு வேலை செய்திருக்கிறார்கள்" என்று சொல்லிவிடுகிறோம். எப்போதும் அப்படி இல்லை. புகழ்பெற்ற இரண்டு படங்களைப் பார்ப்போம்.

முதல் படம், அமெரிக்காவின் வில்லியம் எகிள்ஸ்டன் 1970-ஐ ஒட்டி மெம்பிஸ் நகரில் எடுத்தது. வீடுகள் உள்ள தெருவில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் நிற்கிறது. அவ்வளவுதான். ஆனால் அது பின்னால் உள்ள வீடுகளைவிடப் பெரிதாக, பூதம் போல் தெரிகிறது. சக்கரங்களுக்கு நடுவே தெரியும் கார், பொம்மை போல் இருக்கிறது. காரணம், கேமிராவை ஏறக்குறைய தரை மட்டத்தில் வைத்து எடுத்ததுதான். சாப்ட்வேர் எதுவும் இல்லை. 1976-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் வெளியிட்ட அவரது புத்தகத்தின் அட்டையில் இந்தப் படம்தான் இருந்தது.

இரண்டாவது படம், கனடாவின் ஜெஃப் வால் 1993-ல் உருவாக்கிய "ஒரு திடீர்க் காற்று". வயல்வெளியில் காற்று வீச, காகிதங்கள் வானில் பறக்கின்றன. ஒரே நொடியில் எடுத்தது போல் தெரியும். உண்மையில், ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் படம் ஒன்றைப் பின்பற்றி, நடிகர்களை நிறுத்தி, 100-க்கும் மேற்பட்ட போட்டோக்களை எடுத்து, கம்ப்யூட்டரில் இணைத்திருக்கிறார்.

பார்த்தீர்களா? விசித்திரமாகத் தெரிந்தது நிஜம். இயல்பாகத் தெரிந்தது ஒட்டு வேலை. எனவே கண்ணை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்லக் கூடாது. நாம் பார்வர்ட் செய்யும் ஒரு படம் யாரோ ஒருவரின் பெயரைக் கெடுத்துவிடலாம்.

விண்டோஸில் பட பைலின் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் சென்று, டீடெய்ல்ஸ் டேபைத் திறங்கள். எடுத்த தேதி, கேமிராவின் பெயர் ஆகியவை இருக்கலாம். ஆனால் இவற்றையும் மாற்ற முடியும். மெசேஜில் வரும் படங்களில் இவை பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். எனவே யார், எங்கே, எப்போது எடுத்தது என்று தேடிப் பார்த்த பிறகே அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

ஒரு சிறு பயிற்சி. வீட்டுத் தண்ணீர்க் குடத்தை முதலில் நின்றபடி போட்டோ எடுங்கள். பிறகு செல்போனைத் தரையோடு வைத்து, மிக அருகில் இருந்து எடுங்கள். இரண்டையும் மானிட்டரில் அருகருகே திறந்து பாருங்கள். இரண்டுமே நிஜப் படங்கள்தான். ஆனால் ஒன்றில் குடம் இருக்கும்; மற்றொன்றில் கோபுரம் நிற்கும்!